மேற்கு பார்த்த குடில்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். விவரம் பிறகு.

1. கிறிஸ்மஸ் முடிந்தும் அந்த வருடம் எங்கள் குடிலை யாரும் பரணில் ஏற்றவில்லை. காலரியின் மேற்குக் கம்பியில் தொங்கியபடியே இருந்தது.
2. குருத்தோலை ஞாயிறு நெருங்கும்போது ஒரு குண்டுக்கரிச்சான் ஜோடி அதற்குள் கூடு கட்டியது. ஐந்து முட்டை.
3. காக்கைக்கும் மழைக்கும் பயந்து நாங்கள் குடிலுக்குத் தகரக் கூரை போட்டோம்.
4. ஐந்து முட்டையும் வீணாயின.
5. மைனி, அண்ணனின் மனைவி, அப்போது முழுகாமல் இருந்தாள். பிள்ளைக்கென்று ஒரு துணி தைக்கவில்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் பெயர் கொடுக்கவும் வர மறுத்தாள்.
6. எங்கள் அறைக்கும் தகரக் கூரைதான் என்பது அதற்குப் பிறகுதான் எங்கள் மண்டையில் ஏறியது.
7. கரிச்சான் திரும்பி வந்தது. இந்த முறை மூன்று முட்டை.

எங்கள் வீடு பம்பாயில், ஆண்டாப் ஹில்லில் ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் கடைசி அறை. அறைக்குள்ளேயே ஒரு பக்கம் அடுப்பு, இன்னொரு மூலையில் மோரி. குளியல், பாத்திரம், துணி எல்லாம் அந்த மோரியில்தான். அறைகளுக்கு முன்னால் நீளமாக ஓடுகிற நடைதான் காலரி. எல்லோருக்கும் பொது. எங்கள் காலரி மேற்கு பார்த்தது. கீழே ஒரு வரிசை பூவரச மரங்கள், அதற்கப்பால் ஸ்டேஷனுக்குப் போகிற பாதை. கட்டடத்துக்குப் பின்னால், தூரத்தில், உப்பளம். "தூத்துக்குடியில இருந்து தப்பிச்சு இவ்வளவு தூரம் வந்தா இங்கயும் முதுகுக்குப் பின்னால உப்பளம்" என்று மைனி சொல்லிச் சிரிப்பாள்.

அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகளை எண்ணிச் சரிபார்ப்பது. நான் கட்டடப் படம் வரைகிறவள். டிப்ளமா முடித்து, செம்பூரில் ஒரு கட்டட அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். பெண்ணாக இருந்தாலும் பதவியின் பெயர் டிராஃப்ட்ஸ்மேன்தான். தொழிற்சாலைக்காரர்கள் தங்கள் ஆட்களுக்குக் கட்டுகிற குடியிருப்புகளுக்குப் படம் போடுவது என் வேலை. எந்தப் பக்கம் ஜன்னல் வைத்தால் காற்று வரும், மேற்கு வெயிலுக்கு என்ன தடுப்பு, எல்லாம் எனக்குப் பாடம். காலையில் கோலிவாடாவில் ஹார்பர் லைன் வண்டி ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு.

குடிலை அண்ணன் தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்தான். அகலம் ஒரு ஆளின் கை நீளம், உயரம் அதில் பாதி, வைக்கோல் கூரை. பின்பலகையில் ஒரு வட்டத் துளை. அதன் வழியாக ஒயரை விட்டு உள்ளே பல்பு எரியவிடுவோம். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் மைனி பாலன் சுரூபத்தைத் துணியில் சுற்றி எடுத்து வைப்பாள், அண்ணன் குடிலைப் பரணில் ஏற்றுவான். அதுதான் வழக்கம்.

அந்த வருடம் வழக்கப்படி நடக்கவில்லை. மைனி தலைப்பிரசவத்துக்குத் தூத்துக்குடியில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஆண் குழந்தை. பிறந்து சில நாளே இருந்தது. கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் திரும்பி வந்தபோது, அவள் இங்கிருந்து தைத்து எடுத்துப்போன சட்டைகளும் குல்லாவும் அதே டிரங்குப் பெட்டியில், அதே மடிப்போடு திரும்பி வந்தன. திருநாள் முடிந்ததும் சுரூபங்களை எடுத்தாள். பாலனை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சுற்றி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். குடிலைப் பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. வைக்கோல் காலரியெல்லாம் பறக்கக்கூடாதென்று அண்ணன் அதன் முன்பக்கத்தில் ஒரு பலகையை வைத்து ஆணியடித்தான். முன்பக்கம் எங்களைப் பார்க்க, பல்புத் துளை வெளியே மேற்கைப் பார்க்க, அது கம்பியில் தொங்கியது.

அந்தத் துளையைத்தான் கரிச்சான் பிடித்துக்கொண்டது.

ஆண் பறவை கறுப்பும் வெள்ளையுமாக, கோயில் பிள்ளைகள் பூசை உடுப்பில் நிற்பதுபோல் இருக்கும். பெண் அதே உடுப்பைப் பலமுறை துவைத்த சாம்பல். இரண்டுக்கும் வால் எப்போதும் தூக்கி நிற்கும். ஆண் விடிகிற நேரத்தில் கட்டடத்தின் உச்சியில் உட்கார்ந்து பாடும். பக்கத்து அறை லாத்தாவுக்கு அந்தப் பாட்டு பிடித்துப்போனது. லாத்தா என்றால் அக்கா, காயல்பட்டினத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் தாராவியில் டிரங்குப் பெட்டி செய்கிற பட்டறை வைத்திருந்தார். "ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டணும், இதுக்கு அது இல்ல" என்பாள்.

பெண் பறவை மட்டுமே வேர், புல் என்று கவ்விக்கொண்டு உள்ளே போய் வந்தது. ஆண் பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து மேற்பார்வை. மைனி காய் நறுக்குகிற சாக்கில் காலரியில் உட்கார்ந்து இதையே பார்ப்பாள். சில நாள் கழித்துப் பெண் உள்ளேயே தங்க ஆரம்பித்தது. எத்தனை முட்டை என்று அறியாமல் என்னால் இருக்க முடியவில்லை. பலகையின் மேல்விளிம்பில் ஒரு இடைவெளி இருந்தது. அண்ணனின் சவரக் கண்ணாடியை நான் படம் வரைகிற டி-ஸ்கொயர் கட்டையின் நுனியில் கட்டி, பறவை வெளியே போன நேரம் பார்த்து உள்ளே நீட்டினேன்.

உள்ளேயிருந்து அண்ணன் கத்தினான்: "ஏட்டி, என் கண்ணாடி எங்க?"

"குடிலுக்குள்ள இருக்கு அண்ணே."

"அங்க எவன் சவரம் பண்ணுதான்?"

மைனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எத்தனட்டி?"

"அஞ்சு, மைனி. நீலப்பச்சையில தவிட்டுப் புள்ளி."

"அஞ்சா! இந்தப் பொட்டிக்குள்ளயா!"

லாத்தா தன் வாசலிலிருந்தே சொன்னாள்: "பின்ன என்ன? மாடி வீட்டுல இருக்கவ ஒன்னுக்கு யோசிக்கா, பொட்டிக்குள்ள இருக்கது அஞ்சு போடுது." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மைனிதான் காப்பாற்றினாள். "அதுக்கு வாடகை கிடையாதுல்லா, லாத்தா."

லாத்தாவுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. மைனி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். மூன்றாவது மாதம் தாண்டியும் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் சொல்லக்கூடாது என்றாள். இரண்டாவது பிரசவம், ஆகவே பம்பாயிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. ஆனால் இங்கே நினைத்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் போய் நிற்க முடியாது. முன்கூட்டியே போய்ப் பெயர் கொடுத்து, மாதாமாதம் காட்டி வரவேண்டும். இல்லையென்றால் வலி எடுத்த பிறகு இங்கே இடமில்லை, அங்கே போ என்று அலையவிடுவார்கள். மாட்டுங்காவில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியை அண்ணன் விசாரித்து வைத்திருந்தான். "போவோம், போவோம்" என்று மைனி நாளைக் கடத்தினாள். பாதிரியார் லத்தீனை விட்டுப் பூசையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்திருந்த புதிது அது. தாராவிக் கோயிலில் எல்லோரும் புதுப் பதில்களைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருப்போம். மைனி மட்டும் உதட்டைத் திறக்கமாட்டாள். "கேட்டா கொடுப்பாருன்னு நெனச்சுக் கேட்டுத்தான போன தடவ அப்படி ஆச்சு. இந்தத் தடவ கேக்காமயே இருக்கேன்" என்றாள் என்னிடம் ஒருமுறை.

ஒரு நாள் குடிலின் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து வைக்கோலைப் பிய்த்தது. லாத்தா துடைப்பத்தோடு ஓடி வந்தாள். அன்று மாலை காலரியில் கூட்டம் போட்டோம். வைக்கோல் கூரை காக்கைக்குத் தாங்காது, மழைக்கும் தாங்காது.

"எங்க வூட்டு ஆளுட்ட சொல்லி ஒரு பத்ரா வெட்டித் தரச் சொல்லுதேன்" என்றாள் லாத்தா.

தகரத்துக்குப் பம்பாயில் பத்ரா என்று பெயர். இந்த ஊருக்கு வந்த எல்லோருக்கும் தெரியும்: வந்து இறங்கிய முதல் மழைக்காலத்தில் யாரோ ஒருவர் நம் தலைக்கு மேல் ஒரு பத்ரா கிடைக்கச் செய்திருப்பார். அதைவிடப் பெரிய உபகாரம் இங்கே கிடையாது. மனிதருக்குச் செய்வதைத்தான் நாங்கள் குருவிக்கும் செய்தோம். நான் சரிவும் ஓர நீட்டமும் குறித்துப் படம் போட்டுக் கொடுத்தேன். பட்டறையிலிருந்து டிரங்குப் பெட்டிக்கு அடிக்கிற கரும்பச்சைப் பெயிண்டோடு, கையைக் கிழிக்காமல் ஓரம் மடித்து, அழகாக வந்து சேர்ந்தது. பெண் பறவை வெளியே போயிருந்த நேரத்தில் அண்ணன் அதை வைக்கோலின் மேல் வைத்துக் கம்பியால் இறுக்கினான்.

"இப்பதான் வீடு மாதிரி இருக்கு. சாமியாரக் கூப்பிட்டு மந்திரிச்சிருவமா?" என்றான்.

"அஞ்சு பேருக்கு ரேஷன் கார்டும் வாங்கிருங்க" என்றாள் மைனி. அந்த நாட்களில் அவள் அவ்வளவு லேசாகப் பேசியது அதுதான்.

பறவை கொஞ்சம் தயங்கிவிட்டு உள்ளே போனது. எல்லோருக்கும் நிம்மதி.

மே மாத வெயில் ஆரம்பித்தது. மதியத்துக்கு மேல் பெண் பறவை பல்புத் துளையில் தலையை நீட்டி, அலகைத் திறந்தபடி மூச்சு வாங்குவதாக மைனி சொன்னாள். பிறகு வெளியே வந்து கம்பியில் நிற்பதாகச் சொன்னாள். பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானே பார்த்தேன். மதியம் முழுவதும் அது உள்ளே போகவில்லை. மறுநாளும் போகவில்லை என்றாள் மைனி. அலுவலகம் முடிந்து வந்ததும் தகரத்தில் கை வைத்தேன். வெயில் இறங்கிய பிறகும் ஆப்பச் சட்டியின் மூடி போலச் சுட்டது. கண்ணாடியை நீட்டினேன். ஐந்தும் வைத்தது வைத்தபடி இருந்தன.

"இனி அது வராது" என்றாள் மைனி. சாதாரணமாகத்தான் சொன்னாள். அண்ணன் சாப்பிடும்போது மறுபடி பேச்சை எடுத்தான்.

"அடுத்த திங்கக்கிழமை அரை நாள் லீவு சொல்லிருக்கேன். போய்ப் பேரு கொடுத்துட்டு வந்துருவோம்."

"கொடுக்கதுக்கு என்ன இருக்கு? வந்தா பாத்துக்கிடலாம்."

"வந்தான்னா? வராம எங்க போவும்?"

"போன தடவ எங்க போச்சு?"

அன்றிலிருந்து அவள் காலரியில் உட்காருவதை விட்டாள். வேலை முடிந்ததும் அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வாள். சாப்பாடு குறைந்தது. குடிலை உடைத்து அடுப்பில் வைத்துவிடலாம் என்று அண்ணன் என்னிடம் ரகசியமாகக் கேட்டான். கண்ணில் படாமல் இருந்தால் நல்லது என்று நினைத்தான். கொஞ்சம் பொறு என்றேன். காரணம் என்னிடம் இல்லை.

அடுத்த ஞாயிறு. மதியச் சாப்பாடு முடிந்து அண்ணனும் நானும் காலரி ஓரத்தில், மாடிப்படிச் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தோம். மைனி உள்ளே வெறும் தரையில், நனைத்த துண்டை வயிற்றில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். லாத்தா ஒரு கிண்ணத்தில் ஏதோ கொண்டுவந்தவள் வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்துவிட்டுப் பின்வாங்கினாள்.

"யா அல்லா! இது வூடா, ரொட்டி சுடுத அடுப்பா? ஏம்மா, இதுக்குள்ளயா கெடக்க?" அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். திரும்பிக் குடிலைப் பார்த்தாள். "அந்தக் குருவிக்குப் போட்டதத்தான ஒங்க தலைக்கும் போட்டுருக்கான்!"

அவள் அறைக்கு மேலே மொட்டை மாடி இருந்தது. கடைசி அறையான எங்களுடையது பிற்பாடு இழுத்துக் கட்டியது. கூரை வெறும் பத்ரா. அதை நாங்கள் அறியாதவர்கள் இல்லை. ஆனால் வார நாட்களில் மதியத்தில் அண்ணன் துறைமுகக் கொட்டகையில் கடல் காற்றில் இருந்தான். நான் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே, யாருடைய வீடுகளுக்கோ வெயில் தடுப்பு வரைந்துகொண்டிருந்தேன். உச்சியிலிருந்து சாய்கிற வரை அந்த வெயிலை அனுபவித்தது மைனி ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் நிழல் தேடிக் காலரிக்கு வந்துவிடுவோம். அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தன் உடம்பு எரிகிறது என்று சொன்னால் ஏன் எரிகிறது என்ற பேச்சு வருமே, அதற்காக இருக்கும்.

அண்ணன் எழுந்து உள்ளே போய், பரண் கட்டையில் ஏறி, உள்ளங்கையைக் கூரையில் வைத்தான். உடனே எடுத்துக்கொண்டான். இறங்கி என்னைப் பார்த்தான். "நீ படிச்சவள்லா. என்ன செய்யணும் சொல்லு."

சொன்னேன். இது எனக்குத் தெரிந்த விஷயம். தகரத்தின் மேல் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு கூரை வேண்டும். வெயில் மேல்கூரையோடு நிற்கும், நடுவில் காற்று ஓடும். கப்பலின் அடித்தளத்தில் சரக்குக்குக் கீழே விரிக்கிற மூங்கில் பாய்கள் பழசானதும் துறைமுகத்துக்கு வெளியே விலைக்கு வரும். அண்ணன் ஒரு கைவண்டி நிறைய ஏற்றிக்கொண்டு வந்தான். லாத்தாவின் வீட்டுக்காரர் பட்டறை ஆட்கள் இரண்டு பேரோடு வந்து, கம்புகளைக் குறுக்கே கட்டி, பாய்களை இரட்டையாக விரித்து, காற்றில் பறக்காதபடி இறுக்கிக் கொடுத்தார். தகரம் போட்டுப் பழகிய மனிதர் தகரத்தை மூடுகிறோமே என்று முனகினார். "மழையில சத்தமும் கொறையும் அண்ணாச்சி" என்றேன். "அப்ப எங்க வூட்டுக்காரிக்கும் மேல ஒரு பாய் போட்டுரலாம்" என்றார். லாத்தா கீழேயிருந்து அதைக் கேட்டுவிட்டாள். அதற்கு அவள் சொன்ன பதிலை எழுத முடியாது.

மிஞ்சிய பாயில் குடிலுக்கும் ஒரு துண்டு வைத்தேன். தகரத்தைக் கழற்றினோம், அது தண்ணீர் டிரம்முக்கு மூடியானது. குடிலை வெயில் படாத வடக்குக் கோடியில், மாடிப்படிச் சுவரை ஒட்டித் தொங்கவிட்டோம். பழைய கூட்டை வெளியே எடுத்தது மைனி. யாரும் கேட்கவில்லை, அவளே வந்தாள். முட்டைகளைப் பன்னீர்ச் செடி டின்னில் மண் பறித்துப் புதைத்தாள். கூடு என் கைக்கு வந்தது. மெல்லிய வேர்கள், கொஞ்சம் புல். அடியில் பிடித்தால் விரல் தெரியும் அளவுக்கு லேசானது.

அன்று முதல் மைனி மதியத்தில் தூங்க ஆரம்பித்தாள். உண்மையான தூக்கம், குறட்டையோடு. லாத்தா அதைப் பற்றித் தினமும் அறிக்கை கொடுத்தாள்.

முதல் மழைக்கு முன்னால், வானம் மூடி மூடித் திறந்த நாட்களில், கரிச்சான் திரும்பி வந்தது. அதே ஜோடிதான் என்று மைனி அடித்துச் சொன்னாள். ஆணின் வாலில் ஒரு வெள்ளை இறகு முறிந்திருந்தது, எனக்கும் அது ஞாபகம். பெண் இந்த முறை அதிகம் உழைத்தது. வேரும் புல்லும் போதவில்லை. கயிற்றுக்கட்டிலின் தேங்காய் நாரை உருவியது. மைனி தலை வாரி, உதிர்ந்த முடியைச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் செருகி வைப்பாள், அதையும் கொண்டுபோனது. கடைசியில் எங்கள் வாசல் நிலையில் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவையில் கை வைத்தது.

"ஏய், ஏய்! அது மந்திரிச்ச ஓலை!" என்று அண்ணன் எழுந்தான்.

மைனி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "மந்திரிச்சது வேண்டியவங்களுக்குத்தான? விடுங்க."

கண்ணாடியை நீட்டியபோது மூன்று முட்டைகள் தெரிந்தன. மறுநாளும் மூன்று. அதற்கு மேல் இல்லை.

"கொறச்சுட்டா" என்றாள் மைனி. "பயந்துட்டா, பாவம்."

அன்று ரயிலில் போகும்போது காரணங்களை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். ஒன்று, முதல் ஐந்தில் உடம்பின் சத்தைச் செலவழித்துவிட்டது. இரண்டு, பருவம் பிந்திவிட்டது. மூன்று, போன தடவை பட்டது நினைவில் இருக்கிறது. நான்கு, இடத்தைப் பார்த்து, இத்தனை பேரைத்தான் இங்கே வளர்க்க முடியும் என்று அதன் உடம்பே ஒரு கணக்குப் போடுகிறது. முட்டை என்பது சும்மா வருவதில்லை, தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத்தான் ஓடு உண்டாகிறது என்று எங்கோ படித்திருந்தேன். எந்தக் காரணம் சரி என்று ஒரே ஒரு ஜோடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் என் கண்ணில் பட்ட ஒன்று பயத்தோடு பொருந்தவில்லை. அதை மைனியிடம் சொன்னேன்.

"மைனி, பழைய கூடு என் விரல் தெரியுற மாதிரி இருந்துச்சுல்ல? இது அத மாதிரி ரெண்டு மடங்கு தடிமன். குழியும் ஆழம். உள்ள உங்க முடிய மெத்த மாதிரி சுத்திருக்கு."

மைனி முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "பயந்தவ இம்புட்டு மெனக்கெட மாட்டா" என்றாள். "எண்ணிக்கையக் கொறச்சுக்கிட்டா. வளக்கதக் கொறைக்கல."

நான் இதைக் கேட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "என்னையும் குருவியையும் ஒரே பக்கத்துல போட்டு வரைஞ்சுராத, என்னட்டி" என்று முறத்தைத் தட்டினாள்.

மூன்றும் பொரித்தன. மழை இறங்கி ஈசல் பறந்தது. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் புழுவும் ஈசலும் கொண்டுவந்தன, ஒரு முறை முழுசாக ஒரு பல்லிக்குட்டி. மைனி மறுபடி காலரியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. லாத்தாவுக்கு இனி சொல்லத் தேவையில்லை; அவள் எப்போதோ கண்டுபிடித்து, தெரியாததுபோல் நடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் மாட்டுங்கா ஆஸ்பத்திரிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அண்ணன் மட்டும் என்னைப் பார்ப்பான், நான் அவனைப் பார்ப்பேன்.

ஒரு நாள் பெருமழையில் குர்லாவில் தண்ணீர் நின்று வண்டிகள் நின்றுபோயின. அலுவலகத்தில் பெண்களை மத்தியானமே அனுப்பினார்கள். கொஞ்சம் பஸ், மீதி நடை. முழங்கால் வரை சேறோடு மாடிப்படி ஏறி வந்தால், காலரிக் கொடியில், சாரல் படாத உள்பக்கத்தில், சின்னச் சின்னதாக ஏதோ வரிசையாகத் தொங்கின.

சட்டைகள். டிரங்குப் பெட்டியிலிருந்த சட்டைகள். துவைத்து, பிழிந்து, உதறி, ஒவ்வொன்றாகப் போட்டிருந்தாள். கொடியின் கோடியில் குல்லா. அதற்குப் பக்கத்தில், வாயில் பச்சைப் புழுவோடு, பெண் கரிச்சான். குடிலுக்குப் போகுமுன் அங்கே நின்று என்னை ஒரு பார்வை பார்த்தது.

மைனி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என் காலைப் பார்த்து, "மோரில போய் மொதல்ல கழுவு" என்றாள். கழுவிவிட்டு வந்தேன். அவள் கொடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"புதுசா ஒன்னும் தைக்கல. இதுக ஒருத்தனுக்குன்னு தைச்சது. அவனுக்குப் போடக் கொடுத்து வைக்கல. எதுக்குப் பொட்டிக்குள்ள கெடக்கணும்?"

"மழையில காயாதே, மைனி."

"மெதுவாக் காயட்டும். நாள் இருக்குல்லா." பிறகு, "நாளைக்கு நீ லீவு போடுவியாட்டி? மாட்டுங்காவுக்குப் போகணும்."

"அண்ணன்கிட்ட சொல்லுதேன்."

"உங்க அண்ணன் வந்தா அங்க வரிசையில நின்னு அழுதுருவாரு. நீ வா."

போனோம். நர்ஸ் மைனியின் வயிற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இந்தியில் திட்டினாள். இத்தனை நாள் எங்கே தூங்கிக்கொண்டிருந்தாய், ஏன் இவ்வளவு தாமதம்? மைனிக்குத் தெரிந்த இந்தி காய்கறிக்காரனோடு பேசுகிற இந்தி. யோசித்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "கர்மீ தீ, சிஸ்டர்." வெயிலாக இருந்தது, சிஸ்டர்.

வெளியே வந்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு ஓட்டலில் ஏறி இட்லி சாப்பிட்டோம். மைனி இரண்டாவது தட்டும் கேட்டாள்.

அந்த வாரமே குஞ்சுகள் மூன்றும் பல்புத் துளை வழியாக வெளியே வந்தன. இரண்டு நேராகப் பூவரசுக்குப் போயின. ஒன்று சட்டைக் கொடியில் உட்கார்ந்துகொண்டு நகரவே இல்லை. லாத்தா துடைப்பத்தோடு காக்கைக்குக் காவல் நின்றாள். மைனி கொடியிலிருந்து துணி எடுக்கக் காத்திருந்தாள். கடைசியில் அதன் தாய் மரத்திலிருந்து விடாமல் கூப்பிட, விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தது.

செப்டம்பரில், மாதா திருநாளுக்குக் கொஞ்சம் பின்னால் மைனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் சத்தத்திலேயே ஆஸ்பத்திரி அதிர்ந்தது என்று அண்ணன் சொல்வான். அவன் வராந்தாவில் அழுதுகொண்டிருந்ததால் அந்தச் சாட்சியை முழுதாக ஏற்க முடியாது.

இப்போது நிலவரம் இது. குழந்தைக்கு மூன்று வயது ஆகப்போகிறது. மதியத்தில் பாய்க் கூரையின் கீழ் அம்மாவும் மகளும் தூங்குகிறார்கள். பாயை ஒருமுறை மாற்றினோம். இன்னொரு பிள்ளை பற்றி லாத்தா கேட்கிறாள். "இடத்தப் பாத்துத்தான், லாத்தா" என்கிறாள் மைனி. செம்பூரில் இரண்டு அறை வீட்டுக்கு அண்ணன் எழுதிப் போட்டிருக்கிறான், இன்னும் பதில் இல்லை. கிறிஸ்மஸுக்கு அவன் வேறு குடில் செய்துகொண்டான். பழையது வடக்குச் சுவரில் அப்படியே தொங்குகிறது. போன வருடம் அதில் ஐந்து முட்டை, நான்கு குஞ்சுகள் பறந்தன. ஒரு கூட்டை வைத்து இன்னும் நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. இந்த வருடம் இன்று காலை வரை நான்கு. பெண் பறவை உள்ளே உட்கார்ந்திருக்கிறது.